பிரஷர் குளிசையும் வீட்டு உப்பும்: ஓர் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 47. ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் தோட்ட விடுதியில் வசிக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலை, வகுப்பில் வரவுப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. அடுத்த பிள்ளையின் பெயரைச் சொல்ல முயன்றபோது நாக்குக் குழறியது. கால் மணித்தியாலத்துக்குள் எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. வைத்தியசாலையில் பிரஷர் 178/104, வெறும் வயிற்றில் சீனி 112 என்றார்கள். மூளை ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். ஒரு வாரம் வைத்திருந்து, நான்கு வகைக் குளிசைகள் தந்து அனுப்பினார்கள். இந்த மாதக் கிளினிக்கில் பிரஷர் 132/84. என் எடை 71 கிலோ, உயரம் 154 சென்ரிமீற்றர். அப்பா 54 வயதில் பாரிசவாதத்தில் விழுந்து, கடைசிவரை படுக்கையில்தான் இருந்தார். சாப்பாட்டை மாற்றினால் குளிசைகளை விட்டுவிடலாமா? எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமில்லை. உப்புக் குறைந்தால் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். காலையில் ஓட்டோவில் போய்ப் பின்னேரம் கால் மணித்தியாலம் நடந்து இறங்குகிறேன். அந்த நடை போதாதா? சிவனொளிபாதமலைக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஏறலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இனி வீட்டாரும் அயலாரும் உங்களுக்கு ஆறுதலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அதைத்தான். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியொன்றைச் சிறிய இரத்தக்கட்டி ஒன்று அடைத்து, பின்னர் அது தானாகவே கரைந்தோ நகர்ந்தோ போய்விட்டால், இழந்த பேச்சும் கையின் பிடியும் மீண்டுவிடுகின்றன. அந்தக் குறுகிய நேரத்துக்குள் மூளைத் திசு நிலையாகச் சேதமடையாததால் சீ.டி. ஸ்கேனில் தடயம் எதுவும் தெரிவதில்லை. இதைத் தற்காலிகப் பாரிசவாதம் என்கிறோம். உங்கள் கிளினிக் கொப்பியில் டீ.ஐ.ஏ. என்று எழுதியிருப்பார்கள். இரத்தக்கசிவு இல்லை, நிலைத்த சேதம் தெரியவில்லை என்பதுதான் ஸ்கேன் சொன்ன செய்தியே தவிர, எதுவுமே நடக்கவில்லை என்பதல்ல. இத்தகைய நிகழ்வுக்குப் பின்னர் முழுமையான பாரிசவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாட்களிலும் முதல் வாரத்திலும் மிக அதிகம். அந்தக் கட்டத்தை நீங்கள் வைத்தியசாலையில் இருந்தபடியே கடந்துவிட்டீர்கள். எஞ்சியிருக்கும் அபாயத்தில் பெரும்பங்கு உங்கள் குருதியமுக்கத்திலேயே தங்கியிருக்கிறது என்பதால், இந்தப் பதிலின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் குளிசைகள். 132/84 என்பது குளிசையோடு சேர்ந்த உங்கள் குருதியமுக்கம். குளிசையை நிறுத்தினால், சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது பழைய இடத்துக்கே ஏறிவிடும். உணவாலும் நடையாலும் எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஒளிவுமறைவின்றிக் கணக்கிட்டுப் பார்ப்போம். உப்பைக் கணிசமாகக் குறைத்தால் குருதியமுக்கம் உள்ளவர்களில் மேல் அளவு சராசரியாக ஐந்து புள்ளிகள் வரை இறங்கும். எடையில் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். ஒழுங்கான நடை இன்னும் ஐந்து புள்ளிகளோ சற்று அதிகமாகவோ இறக்கும். எல்லாவற்றையும் செவ்வனே செய்தாலும் பதினைந்து, இருபது புள்ளிகளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நீங்களோ 178 இலிருந்து 130க்குக் கீழே வரவேண்டியவர். ஆகவே இரண்டும் வேண்டும். உங்கள் பழக்கங்கள் மாறி, கிளினிக் அளவுகள் மாதக் கணக்கில் சீராக இருந்தால், மருந்தின் அளவையோ எண்ணிக்கையையோ குறைக்கலாமா என்பதை வைத்தியரே பார்த்துச் சொல்லுவார்.

தந்த நான்கும் பிரஷருக்கானவை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நிலையில் வழமையாக இரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் குளிசையும் (அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல்), கொலஸ்திரோலைக் குறைக்கும் அற்றோவாஸ்ரற்றின் போன்ற குளிசையும் சேர்த்தே கொடுக்கப்படும். எதை எவ்வளவு காலம் போடவேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும் என்பதால், அடுத்த கிளினிக்கில் ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்டு, விடையைக் கொப்பியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கணுக்கால் வீங்கினாலோ, வறட்டு இருமல் விடாமல் இருந்தாலோ, அவை சில பிரஷர் மருந்துகளின் பக்கவிளைவுகளாக இருக்கலாம். அதற்கு மருந்தை மாற்றுவதற்கு வழியிருக்கிறது. நீங்களாகவே நிறுத்திவிட்டு, அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்தானது.

இனி உப்பு. உங்களுக்கென்று தனியாகச் சமைக்க நேரமில்லை என்கிறீர்கள்; தனியாகச் சமைக்கவே வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் பத்தியம் என்று ஆரம்பித்தால், அது இரண்டு மாதத்துக்கு மேல் நீடிப்பது அரிது. சமைப்பவரே பத்தியக்காரராகவும் இருந்துவிட்டால் அதற்குள்ளாகவே கைவிடப்பட்டுவிடும். மாற வேண்டியது எல்லோருக்குமான சட்டி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு 25 கிராம். அந்தக் கணக்கில் 1 கிலோ உப்புப் பைக்கற் உங்கள் வீட்டுக்கு 40 நாட்கள் வரவேண்டும். கருவாடு, மாசி, பாண், பிஸ்கட், சூப் கட்டி, நூடில்ஸ் பைக்கற்றுக்குள் வரும் தூள், அப்பளம், அச்சாறு ஆகியவற்றில் ஏற்கெனவே இருக்கும் உப்பையும் கணக்கில் எடுத்தால், உண்மையில் அது ஐம்பது, அறுபது நாட்கள் வந்தால்தான் சரி. அடுத்த முறை பைக்கற்றைப் பிரிக்கும்போது அன்றைய திகதியை அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். மூன்று வாரத்தில் அது காலியாகிவிட்டால், எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும். நீங்கள் வாதாடவேண்டிய அவசியமே இருக்காது.

எங்கே குறைப்பது? நமது காலை உணவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கு மா பிசையும்போது உப்பு; தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பலில் உப்பு, அதனுள் இடித்துப் போடும் மாசியில் மேலும் உப்பு; பக்கத்தில் பொரித்த கருவாடு இருந்தால் அதில் இன்னொரு பங்கு. ஒரே தட்டில் நான்கு முறை. ரொட்டி மாவிலிருந்து உப்பை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். சம்பலோடு சேர்த்துச் சாப்பிடும்போது பெரும்பாலானோருக்கு வித்தியாசமே தெரியாது. சோறு வடிக்கும்போதும் உப்பு வேண்டாம். கறிகளில் முதல் இரண்டு வாரம் கால் பங்கை மட்டும் குறையுங்கள். பிறகு இன்னொரு கால் பங்கு. நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும்; ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்தால்தான் வீட்டில் கலகம் வரும். மாமியாரிடம் முன்கூட்டியே அறிவிப்பது அவசியமா என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விடுகிறேன். தேசிக்காய்ப் புளி, கொறுக்காய்ப்புளி, மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய், தாளித்த கறிவேப்பிலை ஆகியவை உப்பின் இடத்தைப் பெருமளவுக்கு நிரப்பும். கருவாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், சுடுநீரில் ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டு, வேறு உப்புச் சேர்க்காமல், கத்தரிக்காயோடோ முருங்கைக்காயோடோ கறியாகச் செய்யுங்கள்; ஊறவைப்பதால் ஒரு பகுதி உப்புத்தான் போகும் என்பதால் அளவும் சிறிதாகவே இருக்கட்டும். டின் மீனையும் உப்பு நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உப்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குறைவாகப் பாவித்தாலும் அயடீன் சேர்த்த உப்பையே பாவியுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்ற பெயரில் விற்பனைக்கு வருபவற்றில் பொற்றாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். அது பலருக்கு நல்லதே. ஆனால் லோசாட்டன், எனலாபிரில் போன்ற குளிசைகளைப் போடுபவர்களுக்கும் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கும் இரத்தத்தில் பொற்றாசியம் அளவுக்கு மீறி உயரக்கூடும் என்பதால், வைத்தியரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பொற்றாசியத்தைத் தட்டிலுள்ள மரக்கறியிலிருந்து பெறுவதுதான் வழமையான, பாதுகாப்பான வழி. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கங்களில் விளையும் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் கோவாவும் லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. அவை விளையும் மலையில் வாழும் நாம் அவற்றைத் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறோம். மத்தியானத் தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, எஞ்சிய கால் பங்கு பருப்பு, கடலை, மீன், முட்டை இவற்றில் ஒன்று என்ற பிரிப்பை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூன்று கோதுமை மா ரொட்டி சாப்பிடுபவர் என்றால், மாவில் பாதியைக் குரக்கன் மாவாக்கி, இரண்டோடு நிறுத்தி, மூன்றாவதன் இடத்தில் ஒரு கிண்ணம் பருப்பை வையுங்கள். வெறும் வயிற்றில் 112 என்பது நீரிழிவு அல்ல. 100 முதல் 125 வரையிலான முன்நிலை அது, திரும்பி வரக்கூடிய நிலை. உங்கள் உயரத்துக்கு 71 கிலோ அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைந்தால் சீனிக்கும் பிரஷருக்கும் அதுவே பெரிய உதவியாக இருக்கும். அதைவிட வேகமாகக் குறைக்க முயல வேண்டாம்.

தேநீரை நீங்கள் குறிப்பிடவில்லை. தோட்டத்தில் வாழும் ஆசிரியை ஒருவரிடம் அதைக் கேட்காமல் விடமுடியாது. சாயத்தண்ணியால் கெடுதியில்லை, அதில் போடும் சீனிதான் பிரச்சினை. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் தேநீரில் மட்டும் 40 கிராம் சீனி. நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்திருப்பது நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறையுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

நடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பதே பொதுவான அளவுகோல். நீங்கள் ஐந்து நாளும் கால் மணித்தியாலம் இறங்குகிறீர்கள் என்றால் 75 நிமிடம் கையில் இருக்கிறது. ஆனால் இறக்கத்தில் முழங்காலுக்கு வேலை அதிகம், இருதயத்துக்கு வேலை குறைவு. முதல் மாதம் பள்ளி விட்ட பிறகு மைதானத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு இறங்குங்கள். ஜூன், ஜூலை மழையில் மைதானம் சேறாகிவிட்டால், வெறுமையான வகுப்பறை விறாந்தையே போதும். அடுத்த மாதம் ஓட்டோவைப் பாதி வழியில் நிறுத்தி, மீதி ஏற்றத்தை நடந்து ஏறுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஏற்றத்தில் ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நின்று ஆறுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். விடியற்காலைப் பனிக்குள் நடக்கப் போகாதீர்கள். குளிரில் நாடிகள் சுருங்கிக் குருதியமுக்கம் உயரும்; மார்கழி, தை மாதங்களில் வெயில் ஏறிய பிறகோ பின்னேரத்திலோதான் உங்களுக்கு நடை.

சிவனொளிபாதமலை இந்தப் பருவத்தில் வேண்டாம். 2,243 மீற்றர் உயரம், நல்லதண்ணிப் பக்கத்தால் 5,000க்கும் மேற்பட்ட படிகள், நித்திரையில்லாத இரவு, உச்சியில் எலும்பைக் குத்தும் குளிர் ஆகிய எல்லாம் ஒரே நாளில் சேர்கின்றன. பயண அவசரத்தில் குளிசை போட மறந்துவிடவும் கூடும். மூன்று கிளினிக்குகளில் தொடர்ந்து 130/80க்குக் கீழே இருந்து, விடுதியிலிருந்து பள்ளிவரை ஓய்வெடுக்காமல் ஏற முடிந்து, வைத்தியரும் சம்மதித்தால், அடுத்த பருவத்தில் பகல் நேரத்தில், துணையோடு, ஆறுதலாக ஏறலாம். நேர்த்தியை ஒரு வருடம் தள்ளிவைப்பதால் சாமி கோபித்துக்கொள்ளப்போவதில்லை என்று உங்கள் மாமியாரே சொல்லுவார் என நினைக்கிறேன். கந்தசஷ்டி போன்ற விரதங்களிலும் தண்ணீர் குடித்துக் குளிசைகளைப் போடுவதை நிறுத்தாதீர்கள்; தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் உங்களுக்கு இனிப் பொருந்தாது.

வீட்டில் குருதியமுக்கமானி ஒன்று இருப்பது நல்லது. மணிக்கட்டில் கட்டுவதை வாங்காமல், மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். தேநீர் குடித்து அரை மணித்தியாலமாவது கழிந்த பின், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை இருதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். கிளினிக்குக்கு முந்திய ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து எழுதிக்கொண்டு போனால் போதும். மற்ற நாட்களில் பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பது பயத்தைத்தான் வளர்க்கும்.

அந்தப் பயத்துக்கு ஓர் உருப்படியான வேலையும் கொடுக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும் 1990க்கு அழைக்க வேண்டும் என்று மூத்த பிள்ளைக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்லி வையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அறிகுறி தொடங்கிய நேரத்தை அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும், மலைப்பாதையில் அதில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். ஆகவே சீ.டி. ஸ்கேன் வசதியுள்ள அண்மைய வைத்தியசாலை எது என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். விழுந்தவரின் வாயில் சீனித் தண்ணீரோ சாயத்தண்ணியோ ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாரிசவாதத்தில் விழுங்கும் சக்தியும் கெட்டிருக்கலாம் என்பதால் அது நேரே நுரையீரலுக்குள் போகும் அபாயம் இருக்கிறது. இரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதியாகும்வரை மேலதிகமாக அஸ்பிரின் கொடுப்பதும் தவறு. அறிகுறி பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை சில உண்டு. ஈ.சீ.ஜீ. எடுத்தார்களா, நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, கழுத்து நாடிகளின் ஸ்கேன் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். துடிப்பு ஒழுங்கீனம் இருந்தால் மருந்தே வேறு. கருத்தடைக் குளிசை பாவிப்பவராயின் அதை அவசியம் சொல்லுங்கள், ஏனெனில் ஈஸ்திரோஜன் சேர்ந்த குளிசைகள் இனி உங்களுக்கு உகந்தவை அல்ல. முழங்கால் வலிக்கென்று பாமசியில் வாங்கும் டைக்லோபெனாக், இபுபுரோபன் வகைகள் குருதியமுக்கத்தை உயர்த்தும். வலியென்றால் பனடோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணவர் புகைப்பவரா என்று எழுதவில்லை. புகைப்பவராயின் வீட்டுக்குள் புகைப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவர் விடும் புகையும் பாரிசவாத அபாயத்தைக் கூட்டுகிறது.

அப்பாவைப் பற்றி எழுதியதால் கடைசியாக இதையும் கேட்கிறேன்: உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் தங்கள் குருதியமுக்கத்தை எப்போதாவது பார்த்திருக்கிறார்களா? குருதியமுக்கம் உயரும் இயல்பு குடும்பங்களில் தொடர்வதுண்டு. பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. அரச வைத்தியசாலைகளில் நடத்தப்படும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் நடுவயதினருக்குக் குருதியமுக்கம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். அடுத்த கிளினிக் நாளில் உடன்பிறந்தவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனால், அவரையும் அன்றே அங்கே காட்டிவிட்டு வரலாம்.